பொட்டை மாற்றினால் போதுமா?

"ஸ்டிக்கர் பொட்டை விட்டு மூன்று மாதமாகிவிட்டது டாக்டர். வெள்ளை இன்னும் போகவில்லையே?" நெற்றியில் முடியை இழுத்துவிட்டு மறைத்தபடி பெண்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கூட வரும் தாயாரோ குரலைத் தாழ்த்தி, "வெண்குஷ்டமா?" என்பார். இல்லை. இது குஷ்டமுமல்ல, தொற்றுநோயுமல்ல.

சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் உண்டு. நம் தோலின் நிறமான மெலனின், டைரோசின் என்ற பொருளிலிருந்து உருவாகிறது. இந்த ரசாயனம் டைரோசினைப் போன்ற அமைப்புடையது. அதனால் நிறமி உயிரணுவுக்குள் புகுந்து அதன் வேலையைக் கெடுக்கிறது. நாளடைவில் அந்த உயிரணு மடிகிறது.

சிலருக்கு மட்டும் ஏன் ஆறுகிறது? நிறமி உயிரணுக்களின் கையிருப்பு முடியின் வேர்க்காலில் இருக்கிறது. ரசாயனம் நின்றதும் அவை மெல்ல மேலே வந்து பரவுகின்றன. வெள்ளைக்குள் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றினால் பயப்படாதீர்கள். அது நல்ல அறிகுறி. திட்டிலுள்ள முடியும் வெளுத்திருந்தால் கையிருப்பு குறைந்துவிட்டது என்று பொருள். முடியில்லாத உதட்டிலும் விரல் நுனியிலும் ஆறுவது கடினம்.

சிலருக்கு ஏன் பெருகுகிறது? முதல் காரணம், ரசாயனம் வேறு வழியில் வந்துகொண்டே இருப்பது. வேறு கம்பெனிப் பொட்டு, தலைச்சாயம், ரப்பர் சிலிப்பர் ஆகியவற்றிலும் இத்தகைய ரசாயனங்கள் இருக்கலாம். இரண்டாவது, நம் நோய் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, நலமாக இருக்கும் நிறமி உயிரணுக்களையும் தாக்குவது. 2013இல் ஜப்பானில் கானெபோ நிறுவனம், ரோடோடெனால் கலந்த முகப்பொலிவு கிரீம்களைத் திரும்பப் பெற்றது. கிரீமை நிறுத்தியதும் பலருக்கு நிறம் திரும்பியது. சிலருக்கோ கிரீம் படாத இடத்திலும் வெள்ளை விழுந்தது. குடும்பத்தில் வெண்படை உள்ளவர்கள் இதனால்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே பொட்டின் பிராண்டை மாற்றுவது நிறுத்துவதாகாது. ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே ஸ்டிக்கரை விடுங்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது பொட்டு அட்டையையும் கொண்டுபோங்கள். பூச்சு மருந்தும் அளவான புற ஊதா ஒளிச் சிகிச்சையும் கையிருப்பு இருக்கும்போதே நன்கு பலன் தரும். வெறும் நெற்றியைப் பார்த்து மாமியார் முகம் சுளித்தால், இந்தப் பக்கத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.