2024 போய் 2028 வந்தது: குழாய்த் தண்ணீர் வாக்குறுதிக்கு யார் பதில் சொல்வது?

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டினால் ரஞ்சன்குடி கோட்டை. நிறுத்தி போட்டோ எடுப்பவர்கள் நிறைய பேர். ஆனால், அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக் குழாயில் தினமும் எத்தனை லிட்டர் தண்ணீர் வருகிறது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? சின்னக் கேள்விதான். ஆனா, இதன் முனை நியூயார்க் வரை போகுது.

என்ன வாக்குறுதி?

2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகள் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை ஏற்றன. 2030-க்குள் எல்லோருக்கும் பாதுகாப்பான குடிநீர் என்பது ஆறாவது இலக்கில் வருகிறது. இந்தியாவும் அதை ஏற்றது. 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024-க்குள் எல்லா கிராமத்து வீடுகளுக்கும் குழாய் இணைப்பு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர். 2025 பட்ஜெட்டில் திட்டம் 2028 வரை நீட்டிக்கப்பட்டது.

இதில் என்ன சிக்கல்?

இவ்வளவு பெரிய திட்டம் தாமதமாவது ஆச்சரியம் இல்லை. ஆனா, வீட்டுக் கடன் தவணை ஒரு நாள் தள்ளிப்போனால் வங்கி அபராதம் போடும். அரசு நான்கு வருஷம் தள்ளிப்போட்டால் அது வெறும் பட்ஜெட் அறிவிப்பு. இன்னொன்று, குழாய் பொருத்தியாச்சு என்பது வேறு, 55 லிட்டர் வருகிறது என்பது வேறு. முதலாவதை எண்ணுவது சுலபம். இரண்டாவதை அந்த வீட்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

வெளிநாடுகள் மட்டும் ஒழுங்கா?

தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவிக்குத் தர வேண்டும் என்று 1970-லேயே ஐ.நா. தீர்மானம் போட்டது. 2023-ல் அந்த அளவைத் தொட்ட பணக்கார நாடுகள் ஐந்துதான்.

கடன் கொடுப்பவர்களைக் கேட்க ஒரு வழி இருக்கு. நர்மதை அணைக்கு எதிரான மக்கள் போராட்டத்துக்குப் பிறகு, 1993-ல் உலக வங்கி ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. வங்கி நிதி தரும் திட்டத்தால் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தாலே அங்கே புகார் தரலாம், தமிழிலேயே. தமிழ்நாட்டின் ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டத்துக்கு 2017-ல் உலக வங்கி ஒப்புதல் தந்த கடன் 10 கோடி டாலர். கடன் செய்தி ஆகிற அளவுக்கு, புகார் தரும் உரிமை செய்தி ஆவதில்லை.

எங்கே கேட்பது?

கிராம சபையில். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள். அதில் மார்ச் 22 உலக தண்ணீர் தினம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் விடுமுறை நாட்கள். சென்னை, பெங்களூரில் வேலை பார்ப்பவர்களும் ஊருக்குப் போய் உட்காரலாம். ‘கையெழுத்து வாங்கத்தானே கூட்டுறாங்க’ என்ற சலிப்பு நியாயம்தான். ஆனால், ஆள் வராத கூட்டத்தில்தான் அது சுலபமாக நடக்கும்.

கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: எவ்வளவு பணம் வந்தது, எத்தனை வீட்டில் 55 லிட்டர் வருகிறது, மிச்ச வீடுகளுக்கு எந்தத் தேதி? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதி வைத்த தேதியை அடுத்த முறை சத்தமில்லாமல் மாற்ற முடியாது.