கெடு தவறினால் கேட்க ஒரு சட்டம்

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று நாள் முழுக்க விண்ணப்பம் ஏற்றுவதுதான் வேலை. 60 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டைக் கொடுத்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்ப தம்பி கைக்கு வரும்?" உறுதியாகச் சொல்ல என்னால் முடிவதில்லை.

கணவரை இழந்த ஓர் அம்மா வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். வங்கியில் கிடக்கும் பணத்தை எடுக்க அது வேண்டும். வாரம் தவறாமல் வந்து சீட்டை நீட்டுவார். எண்ணைத் தட்டினால் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) நிலுவை என்றே வரும். கடைசியில் 'ஆவணங்கள் போதவில்லை' என்று தள்ளுபடி. எந்த ஆவணம் என்று ஒரு வார்த்தை கிடையாது. குடும்ப அட்டையில் மகளின் பெயர் வேறு மாதிரி இருந்ததுதான் சிக்கல் என்பது, அலுவலகத்துக்கு நேரில் அலைந்த பிறகே தெரிந்தது. மறுபடி கட்டணம், மறுபடி முதலிலிருந்து.

வி.ஏ.ஓ.க்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பலர் பக்கத்துக் கிராமத்தையும் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கிறார்கள். தேர்தல் பணி, வெள்ளச் சேதக் கணக்கு, பயிர்க் கணக்கெடுப்பு எல்லாம் அவர்கள் தலையில்தான். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் கெடு மட்டும் விதிப்பது அநியாயம்.

ஆனாலும் கெடு வேண்டும், சட்டமாகவே வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். கர்நாடகத்தில் 'சகாலா' என்ற சேவைச் சட்டம் 2012-இல் நடைமுறைக்கு வந்தது. நாளுக்கு 20 ரூபாய், 500 ரூபாய் வரை, விண்ணப்பித்தவருக்கே இழப்பீடு. தொகை சிறிதுதான். ஆனால் கோப்பு யாரிடம் தேங்கியது என்பது எழுத்தில் பதிவாகிறதே, அது எவ்வளவு பெரிய விஷயம்! பக்கத்துக் கேரளமும் 2012-இல் சட்டம் இயற்றிவிட்டது. இங்கே தமிழ்நாட்டில் 2025-இல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம் மனுக்களுக்கு 45 நாளில் தீர்வு என்று அரசே அறிவித்தது. முகாமுக்குச் சொல்ல முடிந்த கெடுவை அன்றாட விண்ணப்பத்துக்கும் சொல்லலாம். சட்டம் இருந்தால்தான், கெடு தவறும்போது அந்த அம்மாவைப் போன்றவர்கள் மேல்முறையீடு செய்ய முடியும்.

சட்டம் வரும்வரை காத்திராமல் ஒன்றைச் செய்யலாம். என்ன காகிதம் குறை என்று குறிப்பிடாத தள்ளுபடியை மென்பொருளே ஏற்கக் கூடாது. குறையைத் திருத்தி அனுப்புகிறவரிடம் இரண்டாவது முறை கட்டணமும் வாங்கக் கூடாது.