ஸ்பான்சர்ஷிப்புக்கு நீங்க ஏன் காசு கட்டணும்? (த்ரெட்)

"காசு கொடுக்காம யார் டாக்டர் விசா தருவாங்க?" எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தங்க கேட்டாங்க. பிரிட்டன் வேலைக்கு ஏஜென்ட் கேட்டது 12 லட்சம். நகை அடகுக்குப் போகத் தயார்.

சி.ஓ.எஸ். என்பது விற்கிற பத்திரம் இல்லைங்க. லைசென்ஸ் வாங்கின முதலாளி பிரிட்டன் உள்துறைக்காக ஆன்லைனில் போடும் பதிவு. 2024 டிசம்பர் 31 முதல் அந்தக் கட்டணத்தை ஊழியர் தலையில் கட்டினா லைசென்சையே பறிக்கலாம். நம்ம ஊர் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. மீதி எதுக்கு?

எனக்குக் கோபம் அந்தச் சட்டத்து மேலயும்தான். விசாவை ஒரே முதலாளியோடு கட்டிப் போட்டிருக்காங்க. அவர் லைசென்ஸ் போனா, வழக்கமா 60 நாளில் வேற ஸ்பான்சர் தேடணும், இல்லைன்னா கிளம்பணும். தப்பு முதலாளி மேல, தண்டனை நர்ஸுக்கு! கடனோட போனவங்க எந்த தைரியத்துல புகார் கொடுப்பாங்க?

கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-லேயே நிறுத்தியாச்சு. இன்னும் 'கேர் விசா' விக்கிறவன் ஃபிராடு.

லைசென்ஸ் உள்ள நிறுவனங்களின் பட்டியல் பிரிட்டன் அரசு தளத்தில் இலவசமா இருக்கு. பேர் இருந்தாலும், சி.ஓ.எஸ்.-க்குக் காசு கேட்டா போனை வச்சிடுங்க.