கத்திரிக்கோல் மட்டும் போதுமா?

சென்ற ஆடியில் நமது தோட்டத்து மாரியம்மன் திருவிழா நடந்தது. ஞாயிறு இரவு பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் சிறுவன் ஒருவன் மேடையேறினான். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் பித்தளைச் சங்கிலி, வாயில் பற்றவைக்காத சிகரெட்டு. இடுப்பிலிருந்து அவன் உருவிக் காட்டியது அட்டையில் செய்த கத்தியன்று. அவன் தகப்பனார் நாள்தோறும் பால் வெட்டும் கத்தி! அதை நீட்டிப் பிடித்து, ஏதோ ஒரு படத்தில் ரௌடித் தலைவன் பேசும் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் பேசினான். கூட்டம் சீட்டியடித்தது. முன் வரிசையில் இருந்த கிராணிமாரும் சங்கக் கமிட்டியாரும் கைதட்டினர். ஆம், நாமும் தட்டினோம். அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு வந்த தகப்பனார் கத்தியைக் காணாமல் தவித்தார். இரவல் கத்தி வாங்கிக்கொண்டு மரத்துக்குப் போனார். கத்தியோ பையனுடைய புத்தகப் பையில் பள்ளிக்கூடம் போயிருந்தது. ஆசிரியை கண்டு வாங்கி வைத்துக்கொண்டதால் விபரீதம் ஒன்றும் நேரவில்லை. அன்று மாலை அந்தத் தோழர் ஆபீசு வாசலில் வந்து நின்றார். "கிராணி ஐயா, ராத்திரி எல்லாருந்தானே கை தட்டினீங்க. இப்ப நான் அவனை அடிக்கிறதா, உங்களைக் கேக்குறதா?" என்றார்.

நமக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இங்கே தேடுகிறோம்.

சினிமாவும் தொலைக்காட்சியும் இளைஞரைக் கெடுக்கின்றன. ஆகவே தடை செய், வெட்டு, மூடு என்று கூறுவோர் ஒரு புறம். படம் படந்தானே, பார்த்துவிட்டுப் போகிறார்கள், இதற்கெல்லாம் சட்டமா என்று கேட்போர் மறு புறம். இரு சாராரும் தோட்டத்து லயத்தை எட்டிப் பார்த்தவரல்லர் என்பதே நமது எண்ணம். படம் வெறும் படமானால், பதினோரு வயதுப் பாலகன் வாயில் அந்த வசனம் எப்படி ஏறியது? தடையே மருந்தானால், எழுபது ஆண்டுக்கு மேலாகத் தணிக்கை நடக்கும் நாட்டில் நோய் ஏன் தீரவில்லை?

மலாயாவில் திரைப்படத் தணிக்கைச் சட்டம் 1952இல் வந்தது. இந்தியாவின் சினிமாச் சட்டமும் அதே 1952இல்தான் பிறந்தது. நமது நாட்டில் பழைய சட்டத்தை நீக்கி 2002இல் புதிய சட்டம் செய்தனர். உள்துறை அமைச்சின் கீழுள்ள தணிக்கை வாரியம் படத்தைப் பார்த்து, வெட்டச் சொல்லும், மறுக்கும், அல்லது வயதுக் குறியிட்டு அனுமதிக்கும். வயதுக் குறி நல்ல ஏற்பாடு என்பதில் நமக்கு ஐயமில்லை. பெரியவனுக்கு ஏற்றது சிறுவனுக்கு ஏற்காது என்பது தாய் அறிந்த பாடம். வளர்ந்தவன் உண்ணும் காரச் சோற்றைப் பால் குடிக்கும் பிள்ளைக்கு எவளும் ஊட்டமாட்டாள். இந்தியாவிலும் 2023இல் சட்டத்தைத் திருத்தி, 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கின்றனர்.

ஆனால் அந்தக் குறி யாரைத் தடுக்கிறது? பட்டணத்துத் திரையரங்கின் வாசலில் டிக்கெட்டு கிழிப்பவர் கண்டிப்பானவராயிருந்தால் அங்கே தடுக்கும். நமது லயத்துக்கு அது வந்து சேருவதில்லை. முன்பெல்லாம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ஊரே கூடிப் பார்க்கும். பிள்ளை பார்ப்பதைத் தகப்பன் பார்ப்பான், தகப்பன் பார்ப்பதைக் கங்காணி பார்ப்பார் என்று நமது பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1963 டிசம்பர் 28இல் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. வீட்டுக் கூடத்துப் பெட்டியைச் சுற்றிக் குடும்பமாவது உட்கார்ந்தது. இன்றோ திரை உள்ளங்கைக்குள் சுருங்கிவிட்டது. போர்வைக்குள்ளே பிள்ளை பார்ப்பதைப் பக்கத்தில் படுத்திருக்கும் பாட்டியும் அறியாள்.

சட்டமும் இங்கே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. திரையரங்குப் படத்துக்கு ஒரு சட்டம். கம்பியிலும் காற்றிலும் வருவதற்கு 1998ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டம். இணையத்தைத் தணிக்கை செய்ய இடமளிப்பதாக இச்சட்டத்தைக் கொள்ளலாகாது என்று அதன் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கின்றனர். ஆகவே, திரையரங்கில் வெட்டப்பட்ட காட்சி கைப்பேசியில் முழுசாக ஓடுகிறது. முன்வாசலில் காவற்காரன் நிற்கிறான். பின்வாசலில் கதவே இல்லை! இதை உணர்ந்துதான் 2025இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் செய்தனர். 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கலாகாது என்ற திட்டத்தையும் அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் இத்தகைய சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடப்பிலிருக்கிறது. இம்முயற்சிகளை நாம் வரவேற்கிறோம். பிள்ளைகளின் கண்ணை விற்றுக் காசாக்கும் பெருங்கம்பெனிகளுக்குக் கடிவாளம் வேண்டியதே.

எனினும் கத்திரிக்கோலைப் பற்றி நமக்கு ஒரு குறையுண்டு. அது வெட்டவேண்டியதை விட்டுவிட்டு, விடவேண்டியதை வெட்டுகிறது.

ஓர் உதாரணம் கூறுவோம். நாயகன் ஒரு பெண்ணைக் கண்டு ஆசைப்படுகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அவன் விடுவதில்லை. பஸ் நிறுத்தத்தில் மறிக்கிறான், வேலையிடத்துக்குப் பின்தொடர்கிறான், நண்பர்களோடு சேர்ந்து கேலிப் பாட்டுப் பாடுகிறான். இறுதியில் அவள் மனம் இரங்கிக் காதலிக்கிறாள். இத்தகைய படங்கள் எத்தனையோ! முத்தக் காட்சியை வெட்டும் கத்திரிக்கோல் இதைத் தொடுவதில்லை. குடும்பத்தோடு பார்க்கத் தக்கது என்று இது உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் 2023இல் நாட்டின் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, ஒருவரை இவ்விதம் தொடர்ந்து தொல்லை செய்வதைக் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறை விதித்திருக்கின்றனர். திரையில் காதல்; வெளியில் குற்றம்! விடியலில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலை முனையில் தனியே நிற்கும் நம் தங்கையரைக் கேளுங்கள், இதன் பொருள் அவர்களுக்குத் தெரியும். இளைஞரின் ஒழுக்கம் என்று பேசுகிறவர்கள் பெண்ணின் சேலையை அளப்பதை விட்டு, ஆணின் நடத்தையை அளக்கவேண்டும்.

இன்னோர் உதாரணம். 2016இல் வந்த 'கபாலி' நமது நாட்டுத் தோட்டத் தமிழரின் கதையைத் தொட்ட படம். நம் முன்னோர் பட்ட பாட்டை உலகறியப் பேசியது என்ற பெருமையும் அதற்குண்டு. மலேசியாவில் அது ஓடியபோது, முடிவில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று ஒரு வரி சேர்த்துக் காட்டப்பட்டது. குற்றம் செய்தவன் தப்பலாகாது என்பது நோக்கம். நோக்கத்தைக் குறைகூறவில்லை. இரண்டரை மணி நேரம் நெஞ்சில் ஏறியதை ஒரு வரி எழுத்து இறக்கிவிடுமா என்றே கேட்கிறோம். இந்தியப் படங்களில் நாயகன் வட்டவட்டமாகப் புகை விடும்போது, புகை பிடித்தல் கேடு என்று கீழே சிறிய எழுத்து ஓடுகிறதே, அதைப் படித்துவிட்டுச் சிகரெட்டை எறிந்தவர் உண்டா? பிள்ளை எழுத்தைப் படிப்பதில்லை, முகத்தைப் படிக்கிறது.

அதிகாரம் கையிலிருப்பவன் உண்மையை மறைக்கவும் அதே கத்திரிக்கோலை எடுப்பான் என்பதையும் மறக்கலாகாது. 1939இல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி'யை வெள்ளை அரசாங்கம் தடை செய்தது. 1952இல் 'பராசக்தி' வந்தபோது, அதைத் தடை செய்யவேண்டுமென்று கூக்குரல் எழுந்தது. ஒழுக்கத்தின் பேரால் ஏழையின் வாயை அடைக்கும் வித்தை புதிதன்று. ஆகவே தீமையைக் காட்டும் படம் வேறு, தீமையைப் போற்றும் படம் வேறு என்று பிரித்தறியும் கண் தணிக்கையாளருக்கு வேண்டும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கத்தில் 2015இல் வந்த 'ஜகாட்' படத்தில் குண்டர்கள் வருகிறார்கள். கத்தியும் இரத்தமும் வருகின்றன. தோட்டம் உடைந்து வெளியே தள்ளப்பட்ட குடும்பத்துச் சிறுவன் எவ்வாறு அந்தப் படுகுழியை நோக்கி நடக்கிறான் என்பதே அதன் கதை. பார்த்து முடித்த எவனுக்கும் குண்டனாகும் ஆசை வராது. 2016இல் நாட்டின் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதையும் அது பெற்றது. இத்தகைய படத்தைத் தோட்டந்தோறும் காட்டவேண்டும் என்போம்.

அந்தப் படுகுழி கற்பனையன்று. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் 40,000க்கு மேல் என்றும், அவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் கூறப்பட்டது. நாட்டு மக்களில் நாம் பத்துக்கு ஒருவர்கூட இல்லை! இதைச் சினிமா செய்தது என்று எவரேனும் கூறினால் ஒப்பமாட்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. கையில் தொழிலும் காலடியில் மண்ணும் இல்லாமல் பட்டண ஓரத்துக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். வயிறும் மனமும் காலியாயிருந்த இடத்தில் திரை ஒரு வேடத்தைக் கொண்டுவந்து மாட்டியது. காய்ந்த சருகில்தான் தீப்பொறி பற்றும். பொறியை அணைப்பது ஒரு வேலை. சருகை அகற்றுவது மற்றொரு வேலை. இரண்டும் வேண்டும்.

சருகை அகற்றுவது எப்படி? வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். விடியுமுன் தாயும் தகப்பனும் பெரட்டுக்குப் போகின்றனர். பிள்ளை தானாக எழுந்து, தானாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. மாலையிலும் சம்பளம் போதாத வீட்டில் இருவரும் ஓவர்டைம் தேடுகின்றனர். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றானது. நாலு பிள்ளை வீட்டில் அது எத்தனை நாளைக்கு என்பது செக்ரோல் எழுதும் நமக்குத் தெரியும். "பிள்ளை என்ன பார்க்கிறான் என்று கவனி" என்று பெற்றோருக்கு உபதேசம் செய்வது சுலபம். கவனிக்க நேரம் வேண்டும். நேரம் கூலியில் இருக்கிறது. இளைஞரின் ஒழுக்கம் தொழிற்சங்கத்தின் விவகாரமா என்று கேட்கும் அன்பர்களுக்கு இதுவே நமது விடை.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. முதலாவது, வயதுக் குறி திரையரங்கில் கண்டிப்பாகக் காக்கப்படவேண்டும். தமிழ்ப் படங்களின் விளம்பரங்களில் அதன் பொருள் தமிழிலும் விளக்கப்படவேண்டும். இரண்டாவது, தணிக்கை வாரியம் எதை, ஏன் வெட்டியது என்பதை ஊரறியச் சொல்லவேண்டும். தோட்டப்புறத் தாய்மாரும் தமிழாசிரியரும் தங்கள் கருத்தைச் சொல்ல வழி வேண்டும். மூன்றாவது, 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் கொட்டகை வீட்டோடு நிற்கவில்லை. பிள்ளைக் காப்பகம், சமூக மண்டபம், விளையாட்டு வசதி ஆகியவற்றையும் பேசுகிறது. நிர்வாகங்கள் அவற்றைக் காகிதத்திலிருந்து இறக்கிக் கண்ணில் காட்டவேண்டும். பந்து உதைக்கத் திடலும் படிக்க ஒரு விளக்கும் உள்ள பையனுக்குப் போர்வைக்குள் ஒளியும் அவசியம் குறைவு.

நான்காவது கோரிக்கை அரசாங்கத்திடமன்று, முதலாளியிடமுமன்று. நம்மிடமே. கோயில் மேடையும் சங்கக் கூடமும் நம் கையில் உள்ளவை. அங்கே எது ஏறலாம், எது ஏறலாகாது என்று தீர்மானிக்க எந்தச் சட்டமும் வரவேண்டியதில்லை. கல்யாண வீட்டிலும் பிறந்தநாள் வீட்டிலும் ரௌடிப் பாட்டை அலறவிட்டுப் பிள்ளைகளை ஆடச்சொல்லி மகிழும் வழக்கத்தை நாம்தான் நிறுத்தவேண்டும். பிள்ளைக்கு முதல் தணிக்கை வாரியம் பெற்றோரின் முகம். அந்த முகம் சிரித்தால் அவனுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது.

அந்தத் தோழருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: "அண்ணே, பையனை அடிக்காதீர்கள். எங்களைக் கேளுங்கள். கைதட்டியது எங்கள் பிழை." அடுத்த கிளைக் கூட்டத்தில் அவரை வைத்துக்கொண்டே இதைச் சொல்லி, மேற்கண்ட நான்கையும் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். மற்றத் தோட்டத்துத் தோழர்களும் தத்தம் கிளைகளில் இதைப் பேசுவார்களாக. பால் வெட்டும் கத்தி நமக்குச் சோறு போட்ட கருவி. அதைப் பிள்ளையின் கையில் கண்டு நாம் கைதட்டவேண்டிய நாள் ஒன்று வருமானால், அது அவன் தன் தகப்பனின் உழைப்பை மேடையேற்றி நடித்துக் காட்டும் நாளாக இருக்கட்டும்.