கோப்பை பெருசா, உரிமை பெருசா?

2005. அமெரிக்கக் கோடீஸ்வரர் மால்கம் கிளேசர் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை வாங்கினார். வாங்கப் பட்ட கடனில் பெரும் பகுதியை அந்த கிளப் தலையிலேயே கட்டினார்!

கொதிச்சுப் போன ரசிகர்கள் கோஷத்தோட நிக்கல. அதே வருஷம் 'எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்'னு சொந்தமா ஒரு கிளப்பையே தொடங்கிட்டாங்க.

👉 யார் எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு
👉 ஜெர்சியின் முன்பக்கம் ஸ்பான்சர் பெயர் கிடையாது

இதெல்லாம் நடக்குற கதையா?

நடந்துச்சு! 10-ஆவது அடுக்கு லீக்கில் தொடங்கி, முதல் மூன்று சீசன்களிலும் வரிசையாக முன்னேற்றம். 2010 எஃப்.ஏ. கோப்பையில், வேறு வேலையும் பார்த்துக்கொண்டு ஆடும் வீரர்களை வைத்து, நான்கு அடுக்கு மேலே இருந்த ராச்டேல் அணியை 3-2 என்று வீழ்த்தினார்கள். 2015-ல் மாஸ்டன் பகுதியில் சொந்த மைதானம். அதற்கு மக்கள் பங்கு வாங்கியே சுமார் 20 லட்சம் பவுண்ட் கொடுத்தார்கள்.

2019-ல் ஒரு லீக் கீழே இறங்கினார்கள், உண்மைதான். ஆனா தோத்தாலும் அது அவங்க கிளப். அவங்களைக் கேட்காம எவனும் விலை பேச முடியாது.

கோப்பையை அடுத்த வருஷம் ஜெயிச்சுக்கலாம். வித்துப்போன உரிமையை?