தலையில்லா நால்வரும் தலைநிமிர்ந்த சிறுமியும்

பள்ளிக்கூடம் செல்லும் குழந்தைக்கு என்ன வேண்டும்? புத்தகம் வேண்டும், பென்சில் வேண்டும், அடிமட்டம் வேண்டும். 1960 நவம்பர் 14-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், றூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமிக்கு இவை போதவில்லை. சமஷ்டி அரசின் காவலர் நால்வரும் வேண்டியிருந்தனர்!

அக்காட்சியை நோர்மன் றொக்வெல் ஓவியமாகத் தீட்ட, 1964 ஜனவரியில் ‘லுக்’ சஞ்சிகை வெளியிட்டது. வெள்ளுடை அணிந்த சிறுமி நிமிர்ந்து நடக்கிறாள். முன்னே இருவர், பின்னே இருவர். அவர்தம் தலைகளைப் படத்துக்கு வெளியே விட்டுவிட்டார் ஓவியர். அதிகாரம் தோளுக்குக் கீழேதான் தெரிகிறது: இறுக மூடிய கைகள், மஞ்சட் கைப்பட்டி, ஒருவர் சட்டைப்பையில் நீதிமன்றக் கட்டளை. பின்சுவரில் இனத்தைப் பழிக்கும் இழிசொல்; எறிந்த தக்காளி சிதறிய கறை. எறிந்தவர்கள் படத்தில் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் இன்று நிற்பவர் படத்தைப் பார்க்கும் நாமே.

சட்டப் புத்தகங்களோடு காலங்கழிக்கும் நமக்கு அச்சட்டைப்பைக் காகிதமே கண்ணை உறுத்துகிறது. பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17-இல். றூபி பிறந்ததும் அதே ஆண்டு செப்டெம்பரிலேதான். 1955-இல் அந்நீதிமன்றமே, ஆய்ந்தமைந்த வேகத்தில் நிறைவேற்றுக என்றது. என்னே வேகம்! குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பேசியது, ஆறு வயதும் அடைந்தது. தீர்ப்பு இன்னும் பள்ளி வாயிலை எட்டவில்லை. லூசியானாச் சட்டசபையோ தடைச் சட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தது.

சிறுமி உள்ளே சென்றதும் வெள்ளையர் தம் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றனர். பொஸ்டனிலிருந்து வந்த ஆசிரியை பார்பரா ஹென்றி, ஆண்டு முழுவதும் அவ்வொருத்திக்கே பாடஞ் சொன்னார். தந்தை வேலை இழந்தார். மிசிசிப்பியில் வாரத்துக்கு நிலஞ்செய்த பாட்டனும் பாட்டியும் அந்நிலத்தினின்றும் அகற்றப்பட்டனர். இதன் பொருளை நம் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இக்கதையை இன்றைய குழந்தைகள் அறியலாகாதாம்! 2021-இல் தெனிசி மாநிலத்தில், றூபி அம்மையார் தாமே எழுதிய சிறுவர் நூலின் மீது முறைப்பாடு. கோபங்கொண்ட வெள்ளையர் கூட்டத்தைக் காட்டியது குற்றமாம். 2023-இல் புளோறிடாவில், அவர் கதையைக் கூறும் 1998-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒரு பெற்றோரின் முறைப்பாட்டால் ஒரு பள்ளியில் நிறுத்திவைக்கப்பட்டது. வெள்ளையர் கறுப்பரை வெறுப்பவர் என்று பிள்ளைகள் கற்றுவிடுவராம்.

தம் பிள்ளைக்கு எதைக் காட்டுவது என்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஊரார் பிள்ளைகளின் கண்ணையும் கட்ட அவர்களுக்கு உரிமை தந்தவர் யார்? மேலும், அவ்வாசிரியை வெள்ளையர். பிரிவினையை நீக்கக் கட்டளையிட்ட நீதிபதி ஸ்கெலி றைட் வெள்ளையர். தூரிகை பிடித்த றொக்வெலும் வெள்ளையரே! வெறுப்பை மட்டுமே அக்கதையிற் கண்டவர் கதையைப் படித்தவர்தாமா?

ஆறு வயதில் ஒருத்தி பட்டதை, ஏழு வயதில் மற்றொருத்தி கேட்கவும் ஆகாதா?

2011-இல் அவ்வோவியம் வெள்ளை மாளிகையில், சனாதிபதியின் அலுவலகத்துக்கு அருகே தொங்கியது. றூபி அம்மையார் ஒபாமாவின் பக்கத்தில் நின்று தம் குழந்தை உருவைப் பார்த்தார். அங்கே தொங்கத் தகுந்தது வகுப்பறைக்கு ஆகாதென்போர் காரணத்தைச் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறோம்.