ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்

ஆண்டுதோறும் மே 31-ஆம் நாள் உலகப் புகையிலை ஒழிப்பு நாள் வருகிறது. கல்லூரிகள் பேச்சுப் போட்டி வைக்கின்றன. கட்டுரைப் போட்டி வைக்கின்றன. கருகிய நுரையீரலின் படத்தைச் சுவரெங்கும் ஒட்டுகின்றன. புகைத்தல் தீது என்று மேடையேறி முழங்குகிறோம், கைதட்டுகிறோம், கலைகிறோம். கலைந்தவருள் சிலர் நேரே வாயிலுக்கு வெளியே உள்ள தேநீர்க் கடைக்குச் சென்று சிகரெட்டைப் பற்றவைக்கிறார்கள். அவர்கள் நம் சொற்பொழிவைக் கேளாதவரா? கேட்டவர்தாம். புகையின் தீமையை அறியாதவரா? உயிர்வேதியியல் படிக்கும் மாணவரும் அவருள் உண்டு! பின் ஏன் இந்த நிலை?

அறியாமை அன்று; துணியாமையே காரணம் என்பேன். விட்டுவிட வேண்டும் என்கிறது ஒரு மனம். இன்று வேண்டா, தேர்வு முடியட்டும் என்கிறது இன்னொரு மனம். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நிற்கும் இந்த நண்பனுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? துணிந்தவனுக்கு வழி காட்டுகிறோம். துணியாதவனுக்கு வசைதான் வைத்திருக்கிறோம்.

இப்படி நிற்பவர் ஒருவர் இருவர் அல்லர். 2016-17-இல் இந்தியாவில் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். கருநாடகத்தில் இது 22.8, தமிழ்நாட்டில் 20. புகைப்போருள் 55.4 விழுக்காட்டினர் விடத் திட்டமிடுவதாகவோ விட நினைப்பதாகவோ கூறினர். 'நினைக்கிறேன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை ஊசலாட்டம் அடங்கியிருக்கிறது!

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று பழிப்பது முறையன்று. 2016-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு, ஒரு 'மிஸ்டு கால்' கொடுத்தால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்திகளாக அறிவுரை வரும் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது. அதே ஆண்டில் 1800-112-356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி உதவியும் தில்லியில் தொடங்கிற்று. 2018-இல் அது நம் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்திற்கும் விரிந்தது. ஓசூர்ச் சாலையில் நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் அந்த வளாகத்திலிருந்து தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2018 செப்டம்பர் முதல் அந்த எண்ணைச் சிகரெட்டுப் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் இரண்டு குறைகள். முதலாவது, மாணவன் பெட்டி வாங்குவதில்லை. ஒன்றிரண்டாக உதிரியில் வாங்குகிறான். உதிரி விற்பனையைக் கருநாடக அரசு 2017-இலேயே தடை செய்தும் கடையில் அது நின்றபாடில்லை. பெட்டி கடைக்காரரிடமே இருக்க, எண்ணும் அவரிடமே தங்கிவிடுகிறது! இரண்டாவது, எண்ணுக்கு மேலே 'இன்றே விடுங்கள்' என்ற கட்டளை. 'இன்று' என்ற சொல்தானே ஐயுறுபவனுக்குத் தடை? நாளை என்பவனிடம் இன்றே என்றால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் என் செய்வான்?

இனித் திறன்பேசிச் செயலிகளைப் பார்ப்போம். இவை வெற்று விளையாட்டல்ல. ஆய்வில் தேறியவையும் உண்டு. இங்கிலாந்தில் 5,800 பேரிடம் நடந்து, 2011-இல் வெளியான ஆய்வில், ஊக்கச் செய்தி பெற்றோருள் 10.7 விழுக்காட்டினர் ஆறு மாதம் புகையைத் தவிர்த்தனர், மற்றவருள் 4.9 விழுக்காட்டினரே. அமெரிக்காவில் 2,415 பேரிடம் இரு செயலிகளை ஒப்பிட்டு, 2020-இல் முடிவை வெளியிட்டனர். ஆசையை அடக்கச் சொல்லாமல், அது வந்து போவதைப் பார்த்திருக்கப் பழக்கும் செயலியில் ஓராண்டுக்குப்பின் 28 விழுக்காட்டினர் புகையாதிருந்தனர். மற்றச் செயலியில் 21 விழுக்காட்டினர்.

ஆனால் நண்பர்களே, ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்விரண்டு ஆய்விலும் சேர்க்கப்பட்டவர்கள் ஒரு மாதத்திற்குள் விட முயல இசைந்தவர்கள். ஐயத்தோடு நிற்பவனுக்கு அங்கும் வாயில் அடைத்தே இருந்தது. பல செயலிகள் முதற்பக்கத்திலேயே, 'எந்த நாளில் விடப் போகிறீர்கள்?' என்று கேட்கின்றன. விடை இல்லாதவன் செயலியை மூடிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுகிறான்.

ஐயுறுபவனிடம் பேசும் கலை இல்லாமல் இல்லை. குடிப்பழக்கத்திற்கு ஆளானோரிடம் வழக்காடாமல் பேசும் முறையை 1983-இல் வில்லியம் மில்லர் என்னும் உளவியலறிஞர் எடுத்துரைத்தார். 'நீ விடவேண்டும்' என்று நாம் வற்புறுத்தினால் அவன் விடாமைக்கே காரணம் தேடுவான். 'இதில் உனக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன?' என்று கேட்டால் விடுவதற்கான காரணத்தை அவனே சொல்லத் தொடங்குவான். இதுவே அதன் சாரம். இந்த முறையைச் செயலிக்குள் கொண்டுவரலாம். நாள் குறிக்கச் சொல்லாமல், இன்று எத்தனை, எந்த வேளையில், யாருடன் என்று குறித்துக்கொள்ளச் செய்யலாம். ஒரு சிகரெட்டை மட்டும் பத்து நிமிடம் தள்ளிப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். தவறினால் திட்டாமல், மறுநாளும் நலம் கேட்கலாம்.

'விட விரும்பாதவன் செயலியை ஏன் இறக்குவான்?' என்பார் சிலர். நியாயமான கேள்வி. விடச்சொல்லும் செயலியை அவன் இறக்கமாட்டான். தன் மாதச் செலவைக் காட்டும் கணக்கை இறக்கக்கூடும். 'புகைப்பவனுக்கு இது இடங்கொடுப்பதாகாதா?' என்பார் வேறு சிலர். பேச்சுக்கு இடங்கொடுப்பது பழக்கத்திற்கு இடங்கொடுப்பது ஆகாது. நோயாளி மருந்துண்ண உறுதி கூறினால்தான் நாடி பார்ப்பேன் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லையே!

எனக்குள்ள அச்சம் வேறு. ஒருவன் எந்நேரத்தில் தவிக்கிறான், எவ்விடத்தில் தளர்கிறான் என்ற குறிப்பெல்லாம் செயலியில் குவியும். அது வணிகர் கைக்குப் போனால் மருந்தே நஞ்சாகும். ஆகவே அந்தக் குறிப்பு அவன் கைப்பேசியை விட்டு வெளியேறக் கூடாது. பெயரும் எண்ணும் கேட்கக் கூடாது. செயலி மருத்துவருக்கு மாற்றும் அன்று. துணிவு பிறந்த நாளில் மனிதக் குரலிடம் அவனை ஒப்படைக்க வேண்டும். அந்தக் குரல் நிம்ஹான்சில் காத்திருக்கிறது.

ஊரை விட்டு வந்து, அறையில் பேச ஆளின்றி, தேநீர்க் கடையில் சிகரெட்டின் வழியாகவே நட்புத் தேடிக்கொண்ட தோழர்கள் நம்மிடையே உண்டு. சிகரெட்டை விட்டால் அந்த வட்டத்தையும் விடவேண்டுமே என்பதே அவர்களின் பெரிய தயக்கம். அந்தத் தயக்கத்தை அவர்கள் தாய்மொழியில் சொல்ல ஓர் இடம் வேண்டும். நம் சங்கத்தில் கணிப்பொறி பயில்வோர் உண்டு. உளவியல் பயில்வோர் உண்டு. தமிழை ஆளத் தெரிந்தோரும் உண்டு. வரும் மே 31-இல் இன்னொரு பேச்சுப் போட்டி வேண்டா. மூவரும் கூடி உட்கார்ந்து, ஐயுறுபவனிடம் கேட்கத்தக்க பத்துக் கேள்விகளை நல்ல தமிழில் எழுதட்டும். நிம்ஹான்ஸ் அறிஞரிடம் காட்டித் திருத்தம் பெறட்டும். அதன்பின் செயலியைக் கட்டத் தொடங்கலாம். அதுவரை, அந்த உதவி எண்ணைத் தேநீர்க் கடைச் சுவரில், சிகரெட்டுப் பற்றவைக்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்போம். அதன் மேலே 'இன்றே விடு' என்று எழுத வேண்டா. 'பேசிப் பாருங்கள், தமிழிலும் பேசலாம்' என்று எழுதினால் போதும்.